பின்லாந்து வீட்டுக்கு ஒரு கல் கணப்பு: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

2024 ஜனவரி 5ஆம் தேதி மாலை, பின்லாந்தில் மின்சாரத்தின் சந்தை விலை வரியோடு சேர்த்து யூனிட்டுக்கு 2 யூரோவைத் தாண்டியது. வெளியே கடுங்குளிர். மணிக்கு மணி விலை மாறும் ஒப்பந்தம் போட்டிருந்தவர்கள் ஹீட்டரைக் குறைத்துவிட்டுக் கம்பளியைப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். எங்கள் வீட்டில் அன்று காலை எரித்த விறகின் சூடு இரவு படுக்கும்வரை கல்லில் இருந்தது. அதற்குப் பிறகுதான் இங்கே வீடு வாங்கிய, வாங்கப்போகிற நம்மவர்கள் பலர் கணப்பைப் பற்றிக் கேட்க ஆரம்பித்தார்கள். திரும்பத் திரும்ப வந்த கேள்விகளைத் தொகுத்து வைக்கிறேன். நான் கொத்தனாரோ பொறியாளரோ அல்ல. எட்டுக் குளிர்காலமாக விறகு எரித்துப் பழகியவன்.

கல் கணப்பு என்றால் என்ன? சாதாரண விறகு அடுப்பிலிருந்து எதில் வேறுபடுகிறது?

சித்திரை வெயிலில் காய்ந்த மொட்டை மாடி ராத்திரி பத்து மணிக்கும் காலைச் சுடும் அல்லவா? அதே கதைதான். ஆயிரம், இரண்டாயிரம் கிலோ செங்கல்லுக்கோ கல்லுக்கோ நடுவில் ஒன்றிரண்டு மணி நேரம் மட்டும் நெருப்பு எரிகிறது. நெருப்பு அணைந்த பிறகு அந்தக் கல் பன்னிரண்டு மணி நேரம், பெரிய கணப்பாக இருந்தால் ஒரு நாள் முழுக்க, சூட்டைக் கொஞ்சம் கொஞ்சமாக அறைக்குள் விடுகிறது. ஃபின்னிஷில் இதை ‘வராவ தக்கா’ என்பார்கள். சேமித்து வைக்கும் கணப்பு என்று பொருள்.

இரும்பு அடுப்பு எரியும்போது பக்கத்தில் நிற்க முடியாது, அணைந்தால் அரை மணியில் ஆறிவிடும். ராத்திரியெல்லாம் சூடு வேண்டும் என்று காற்றுவழியை அடைத்து நெருப்பை மந்தமாக்கினால் விறகு எரியாமல் புகைகிறது. கல் கணப்பில் அந்தத் தேவையே எழாது.

இதன் திறன் 80 சதவீதம் என்கிறார்களே, நம்பலாமா?

நன்றாகக் கட்டிய கணப்பில், காய்ந்த விறகை முறையாக எரித்தால், நம்பலாம். திறந்த பழைய கணப்பில் பத்து, இருபது சதவீதம்தான் அறைக்குள் நிற்கும்; மிச்சம் புகைபோக்கி வழியே வானத்துக்குப் போய்விடும்.

காரணம் இரண்டு. விறகின் எடையில் முக்கால் பங்குக்கு நெருக்கமாக வாயுவாக மாறித்தான் எரிகிறது. நாம் புகை என்று பார்ப்பதில் பெரும்பகுதி எரியாமல் தப்பிய எரிபொருள். அதை எரிக்க 800 டிகிரிக்கு மேல் சூடும் தாராளமான காற்றும் வேண்டும். கல் கணப்பில் நெருப்பை அடக்கி வைக்க வேண்டியதில்லை என்பதால் அது முழு வீச்சில் எரிகிறது, வாயுவும் எரிந்து தீர்கிறது.

இரண்டாவது காரணம் புகை போகும் பாதை. ஃபின்னிஷ் கணப்பில் சூடான வாயு கணப்பின் உச்சிவரை ஏறி, அங்கிருந்து இரண்டு பக்கச் சுவர்களுக்குள் கீழே இறங்கி, அடியில் போய்த்தான் புகைபோக்கியைத் தொடுகிறது. உள்ளே வாயு கீழே இறங்கும்போது, வெளியே அறைக்காற்று அதே சுவரை ஒட்டிச் சூடேறி மேலே போகிறது. ஒன்றுக்கொன்று எதிரே ஓடுவதால் இதற்கு எதிரோட்டக் கணப்பு என்று பெயர். அடிக்கு வருவதற்குள் வாயு தன் சூட்டில் பெரும்பகுதியைக் கல்லிடம் கொடுத்துவிடுகிறது.

இது புதிய கண்டுபிடிப்பும் அல்ல. பின்லாந்து ஸ்வீடன் அரசின் கீழ் இருந்த காலத்தில் விறகுத் தட்டுப்பாடு வந்தது. விறகு குறைவாகத் தின்னும் கணப்பு வேண்டும் என்ற தேடலில் கார்ல் யோஹான் குரூன்ஸ்டெட், ஃபாபியான் வ்ரேடெ என்ற இருவர் 1767இல் புகையை மேலும் கீழுமாகச் சுற்ற வைக்கும் வடிவத்தை வரைந்து கொடுத்தார்கள். பஞ்சம் சொல்லிக் கொடுத்த பாடம்.

கடையில் கல் ஒட்டிய இரும்பு அடுப்பையும் ‘சேமிக்கும் கணப்பு’ என்றுதான் விற்கிறார்கள். எப்படிப் பிரித்தறிவது?

எடையைக் கேளுங்கள். வட அமெரிக்காவின் ஏஎஸ்டிஎம் தரவிதி கல் கணப்புக்குக் குறைந்தது 800 கிலோ எடையும், எரியறைக்குப் பிறகு புகை ஒரு முறையாவது முழுதாகத் திரும்பி ஓடும் பாதையும் இருக்க வேண்டும் என்கிறது. வெளிச்சுவர் 110 டிகிரியைத் தாண்டக் கூடாது என்றும் சொல்கிறது. 250 கிலோ அடுப்பில் ஒட்டிய கல் சூட்டைச் சில மணி நேரம் நீட்டும், அவ்வளவுதான்.

ஐரோப்பாவில் ஆலைத் தயாரிப்புகளை இஎன் 15250 என்ற தரவிதிப்படி சோதிக்கிறார்கள். விவரத்தாளில் சூடு உச்சத்திலிருந்து பாதியாகவும் கால்வாசியாகவும் குறைய எத்தனை மணி நேரம் என்று போட்டிருக்கும். கதவின் அழகைப் பார்ப்பதற்கு முன்னால் அந்த இரண்டு எண்களைப் பாருங்கள்.

எங்கள் வீட்டுக்கு எவ்வளவு பெரியது வேண்டும்?

அதிகம் பேர் தவறுவது இங்கேதான், ஆகவே நிதானமாகவே சொல்கிறேன். விற்பனைக் கூடத்தில் நின்று பார்த்தால் பெரிய கணப்புதான் கண்ணுக்குப் பிடிக்கும். எவ்வளவு பெரியது வேண்டும் என்பதற்கான விடை உங்கள் மின்கட்டண ரசீதில் இருக்கிறது.

மிகக் குளிரான மாதத்தின் ரசீதை எடுங்கள். சூடேற்ற மட்டும் எத்தனை யூனிட் போனது என்று பிரியுங்கள். கோடை மாத ரசீதைக் கழித்தால் ஓரளவு தெரிந்துவிடும். உதாரணமாக 1800 யூனிட் என்று வைத்துக்கொள்வோம். ஒரு நாளைக்கு 58 யூனிட். காய்ந்த விறகு ஒரு கிலோவில் சுமார் 4 யூனிட் இருக்கிறது. 80 சதவீதத் திறனில் 3.2 யூனிட் வீட்டுக்குள் நிற்கும். ஆக, முழு வீட்டையும் விறகிலேயே சூடேற்ற ஒரு நாளைக்கு 18 கிலோ.

இனி எடைக்கு வருவோம். இங்கே கொத்தனார்கள் சொல்லும் கணக்கு ஒன்று உண்டு: நூறு கிலோ கணப்புக்கு ஒரு தடவைக்கு ஒரு கிலோ விறகு, அதற்கு மேல் வேண்டாம். இதில் நியாயம் இருக்கிறது. பத்துக் கிலோ விறகின் 32 யூனிட்டையும் ஆயிரம் கிலோ செங்கல்லே வாங்கிக்கொண்டால் அதன் சராசரிச் சூடு சுமார் 135 டிகிரி ஏறும். உள்சுவர் அதைவிடப் பல மடங்கு காயும். இன்னும் திணித்தால் கல் வெடிக்கும், மிச்சச் சூடு புகைபோக்கிக்குப் போகும்.

எனவே 18 கிலோவை ஒரே தடவையில் எரிக்க 1800 கிலோ கணப்பு வேண்டும். காலையும் மாலையும் 9 கிலோ என்று பிரித்தால் 900 கிலோ போதும். பாதிச் சூட்டை ஹீட் பம்ப் (வெளிக்காற்றிலிருந்தோ நிலத்திலிருந்தோ சூட்டை எடுத்து வீட்டுக்குள் விடும் மின்கருவி) பார்த்துக்கொள்ளும் என்றால் அதே 900 கிலோவை நாளுக்கு ஒரு தடவை எரித்தாலே போதும்.

சமீபத்தில் கட்டிய, சுவரில் நல்ல வெப்பக்காப்பு உள்ள வீட்டுக்கு இன்னும் சிறியதே சரி. எனக்குத் தெரிந்த ஒரு குடும்பம் புது வீட்டில் மூன்று டன் கணப்பு வைத்தது. அக்டோபரில் ஒரு தடவை எரித்தால் அறை 28 டிகிரிக்குப் போய், ஜன்னலைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார வேண்டியதாகிவிட்டது. கல் கணப்பை ஸ்விட்ச் போல அணைக்க முடியாது. உள்ளே போன சூடு வெளியே வந்தே தீரும்.

மாக்கல்லா, செங்கல்லா?

கல்சட்டியில் வத்தக்குழம்பு வைத்தவர்களுக்கு மாக்கல்லைப் பற்றிச் சொல்லித் தர வேண்டியதில்லை. அடுப்பிலிருந்து இறக்கிய பிறகும் சட்டிக்குள் குழம்பு தளதளவென்று கொதிக்குமே, அதே கல்தான் இங்கேயும். கிழக்குப் பின்லாந்தின் யூக்கா வட்டாரத்தில் வெட்டி எடுக்கிறார்கள். அங்கிருந்து வரும் ‘துலிகிவி’ நிறுவனத்தின் பெயருக்கே ‘நெருப்புக்கல்’ என்றுதான் பொருள். முதன்முதலாக ஒரு மாக்கல் கணப்பின் மேல் கையை வைத்தபோது பாட்டியின் சமையலறை நினைவுக்கு வந்தது.

மாக்கல் செங்கல்லைவிட அடர்த்தியானது, ஒரு கன மீட்டர் மூன்று டன்னுக்குச் சற்றே குறைவு. ஆகவே குறைந்த இடத்தில் அதிகச் சூட்டைத் தேக்கும். சூட்டைச் செங்கல்லைவிட வேகமாகக் கடத்துவதால் எரித்த சிறிது நேரத்திலேயே வெளிச்சுவர் இதமாகிவிடும். செங்கல் மெதுவாக ஏறும், மெதுவாக இறங்கும். மாலையில் வேலையிலிருந்து வந்து எரிப்பவர்களுக்கு மாக்கல் தோது. வீட்டில் எப்போதும் ஆள் இருந்து, ஒரே சீராகச் சூடு வேண்டும் என்பவர்களுக்குச் செங்கல் போதும், விலையும் பெரும்பாலும் குறைவு. வெளித்தோற்றம் எதுவானாலும் எரியறைக்கு வெப்பம் தாங்கும் கல்தான் வேண்டும். உள்கூடும் வெளிச்சுவரும் ஒட்டாமல் நடுவே விரிவுக்கு இடைவெளி விட்டிருக்கிறார்களா என்று கேளுங்கள். உள்கூடு சூட்டில் விரியும்போது வெளிச்சுவரைத் தள்ளினால் விரிசல் நிச்சயம்.

ஆலையில் செய்ததை வாங்கலாமா, கொத்தனாரை வைத்துக் கட்டலாமா?

ஆலைத் தயாரிப்புக்குச் சோதனைச் சான்று உண்டு. ஐரோப்பிய ஒன்றியத்தில் 2022 ஜனவரி 1 முதல், மூடிய கதவு கொண்ட விறகுக் கணப்புகள் குறைந்தது 65 சதவீதப் பருவகாலத் திறனும், புகையில் ஒரு கன மீட்டருக்கு 40 மில்லிகிராமுக்கு மிகாத நுண்துகளும் காட்டினால்தான் சந்தைக்கு வர முடியும். கொத்தனார் தனித்தனியாகச் செங்கல் வாங்கிக் கட்டும் கணப்பு இந்த விதிக்குள் வராது. அதற்குச் சான்று கொத்தனாரின் கைதான். அவர் ஐந்து வருஷத்துக்கு முன்னால் கட்டிய ஒரு கணப்பை, அந்த வீட்டுக்காரர் எரிக்கும்போது போய்ப் பாருங்கள். நல்ல கொத்தனார் தயங்காமல் அழைத்துப்போவார்.

வீட்டில் எந்த இடத்தில் வைப்பது?

நடுவில். போருக்குப் பிறகு 1940களிலும் 50களிலும் இங்கே கட்டிய ஒன்றரை மாடி வீடுகளைப் பார்த்திருப்பீர்கள்: புகைபோக்கி வீட்டின் நட்டநடுவில், அறைகள் அதைச் சுற்றி, ஒவ்வொரு அறைக்கும் கணப்பின் ஒரு பக்கம். கல்லின் சூடு வெயில் போல நேர்கோட்டில் வருவது. கதவு மூடிய படுக்கையறைக்கு அது எட்டாது. வெளிச்சுவரை ஒட்டி வைத்தால் தோட்டத்துக்கும் சேர்த்துச் சூடேற்றுகிறோம்.

தரை தாங்குமா?

பலகைத் தரை தாங்காது. கணப்புக்குத் தனி அஸ்திவாரம் வேண்டும். புதிதாகக் கட்டுகிறீர்கள் என்றால் கான்கிரீட் ஊற்றுவதற்கு முன்பே கட்டமைப்புப் பொறியாளரிடம் எடையைச் சொல்லிவிடுங்கள். இருக்கிற வீட்டில் வைப்பதென்றால் நகராட்சியின் கட்டட மேற்பார்வை அலுவலகத்தில் என்ன அனுமதி வேண்டும் என்று முதலில் கேட்டுக்கொள்ளுங்கள்.

பழைய புகைபோக்கி இருக்கிறது. அதிலேயே இணைக்கலாமா?

புகைபோக்கி சுத்தம் செய்பவர் பார்த்துச் சொல்லாமல் கூடாது. கணப்பிலிருந்து வரும் புகையின் சூட்டுக்கு ஏற்ற வகுப்பில் புகைபோக்கி இருக்க வேண்டும். டி600 என்றால் 600 டிகிரி தாங்கும் என்று பொருள். கூரையின் தடித்த காப்புப் பஞ்சை புகைபோக்கி கடக்கும் இடம்தான் ஆபத்தானது. அங்கே சூடு வெளியேற வழியில்லாமல் தேங்கி, பக்கத்து மரச்சட்டம் தீப்பிடித்த சம்பவங்கள் இங்கே உண்டு. நிரந்தரமாகக் குடியிருக்கும் வீட்டில் ஆண்டுக்கு ஒரு முறை சுத்தம் செய்ய வேண்டும் என்பது சட்டம். அவர் வரும்போது கணப்பின் பக்கவாட்டுப் பாதைகளையும் திறந்து சுத்தம் செய்கிறாரா என்று கூடவே நின்று பாருங்கள்.

ரொட்டி அடுப்பும் சேர்ந்தே வருகிறதே, தேவையா?

சமைக்கப் பிடிக்கும் என்றால் தயங்காமல் வாங்குங்கள். சனிக்கிழமை மாலை எரித்த அடுப்பில் பருப்புச் சட்டியை வைத்துவிட்டுப் படுத்தால் காலையில் மசிந்து குழைந்திருக்கும். பிடிக்காது என்றால் அந்தப் பணத்தில் ஒரு நல்ல விறகுக் கொட்டகை போடலாம்.

எந்த விறகு? எவ்வளவு செலவு?

பிர்ச் மரம்தான் இங்கே முதல் தரம். பைனும் ஸ்புரூஸும் எரியும், ஆனால் லேசானவை. விறகை இங்கே இரண்டு விதமாக அளந்து விற்கிறார்கள்: அடுக்கிய கன மீட்டர், கொட்டிய கன மீட்டர். பிர்ச் அடுக்கிய கணக்கில் ஒரு கன மீட்டருக்குச் சுமார் 1700 யூனிட், கொட்டிய கணக்கில் சுமார் 1000 யூனிட்தான். எந்த அளவு என்று கேட்காமல் விலை பேசினால் ஏமாந்துபோவீர்கள். கொட்டிய ஒரு கன மீட்டரிலிருந்து சுமார் 800 யூனிட் சூடு கையில் நிற்கும். உங்கள் மின்கட்டணத்தோடு ஒப்பிட்டு லாபமா என்று நீங்களே முடிவு செய்யலாம்.

எதற்கும் மேலாக, விறகு காய்ந்திருக்க வேண்டும். ஈரம் 20 சதவீதத்துக்குக் கீழே. பாதி எடை தண்ணீராக இருக்கும் பச்சை மரத்தில் கிலோவுக்கு 2 யூனிட்டுக்குச் சற்று மேல்தான் தேறும்; எரியும் மரமே பாதிதான், அதன் சூட்டிலும் ஒரு பங்கு தண்ணீரை ஆவியாக்கப் போய்விடும். முதல் வருஷம் ‘காய்ந்தது’ என்ற வாய்ச்சொல்லை நம்பி வாங்கினேன். கண்ணாடிக் கதவு கறுத்தது, கல் ஏறவே இல்லை. விற்றவரைக் குறை சொல்லிப் பயனில்லை. ஈரமானி வாங்கியிருக்க வேண்டும். ஒரு கட்டையைப் புதிதாகப் பிளந்து, பிளந்த முகத்தின் நடுவில் குத்திப் பாருங்கள். எரிக்கப்போகும் விறகை ஒன்றிரண்டு நாள் முன்பே வீட்டுக்குள் கொண்டுவந்து வையுங்கள், பனியில் விறைத்த கட்டை நன்றாகப் பற்றாது.

எப்படி மூட்டுவது?

ஊரில் அடியில் சுள்ளி, மேலே கட்டை என்று பழகியிருப்போம். இங்கே முதல் அடுக்கைத் தலைகீழாக மூட்டுங்கள்: தடித்த கட்டைகள் கீழே, சிராய்கள் மேலே, மேலிருந்து பற்றவையுங்கள். நெருப்பு கீழே இறங்க இறங்க, கிளம்பும் வாயு மேலே உள்ள தழலைக் கடந்துதான் போக வேண்டும், அதனால் எரிந்துவிடுகிறது. புகை வெகுவாகக் குறைவதைப் புகைபோக்கி வாயிலேயே பார்க்கலாம். முதல் அடுக்கு ஏறக்குறையத் தணலான பிறகே அடுத்ததை வையுங்கள். இயந்திரக் காற்றோட்டம் உள்ள வீட்டில் மூட்டுவதற்கு முன் காற்றோட்டக் கருவியின் கணப்புப் பொத்தானை (காற்றை வெளியேற்றுவதைக் கொஞ்ச நேரம் குறைப்பது) அழுத்துங்கள், சமையலறைப் புகையுறிஞ்சியை நிறுத்துங்கள். இல்லாவிட்டால் புகை மேலே போகாமல் அறைக்குள் வரும்.

புகைத்தகட்டை எப்போது மூடுவது?

எரித்து முடிந்த பிறகு சூடு வெளியேறாமலிருக்கப் புகைபோக்கி வழியை அடைக்கும் தகடு இது. மூட அவசரப்பட்டால் உயிருக்கே ஆபத்து. தணலின் மேல் நீல நிறத்தில் சின்னச் சுடர் ஆடும்வரை அங்கே கார்பன் மோனாக்சைடு எரிந்துகொண்டிருக்கிறது என்று பொருள். நிறமில்லை, மணமில்லை, தூக்கத்திலேயே ஆளைக் கொன்றுவிடும். நீலச் சுடர் அடியோடு நின்று, கங்கைக் கிளறினாலும் திரும்ப வராதபோதுதான் மூட வேண்டும். தகட்டிலும் சிறு துளையோ இடைவெளியோ இருக்க வேண்டும், அதை ஒருபோதும் அடைக்காதீர்கள். கொஞ்சம் சூடு வீணாகிறதே என்று மனம் கணக்குப் போடும், போகட்டும், விடுங்கள். கார்பன் மோனாக்சைடு அலாரம் ஒன்றை வாங்கி மாட்டுங்கள். ஊரிலிருந்து அப்பா அம்மா வந்து தங்கினால் தகட்டைத் தொட வேண்டாம் என்று முதல் நாளே சொல்லிவிடுங்கள். சூடு வெளியே போகிறதே என்ற அக்கறையில் அவர்கள்தான் சீக்கிரம் மூடிவிடுவார்கள்.

மைனஸ் 30க்குப் போனால் கூடுதலாக எரிக்கலாமா?

ஒரு தடவைக்கான அளவைக் கூட்டக் கூடாது. இடைவெளி விட்டு இரண்டாவது தடவை எரியுங்கள். கடுங்குளிர் நாட்களில் தீயணைப்புத் துறை இங்கே எச்சரிப்பதும் இதைத்தான்.

குழந்தைக்கு ஆஸ்துமா. விறகு எரிப்பது சரியா?

யோசித்துத்தான் செய்ய வேண்டும். பின்லாந்தின் நுண்துகள் மாசில் வீட்டு விறகுப் புகைக்குப் பெரும் பங்கு உண்டு. கல் கணப்பு மற்றவற்றைவிடச் சுத்தமாக எரியும், ஆனால் மூட்டும் முதல் சில நிமிடங்களில் எதுவும் சுத்தமல்ல. நெருக்கமான குடியிருப்பில், காற்றே அசையாத உறைபனி இரவுகளில் புகை தெருவிலேயே தங்கும். வீட்டில் ஏற்கனவே நிலத்தடி ஹீட் பம்ப் இருந்தால், கணப்பை மின்வெட்டுக்கும் விலை ஏறும் நாட்களுக்கும் மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். மருத்துவர் வேண்டாம் என்றால் வேண்டாம்.

கட்டி முடித்ததும் எரிக்கலாமா?

கூடாது. சாந்துக்குள் நிறையத் தண்ணீர் இருக்கிறது. கதவையும் தகட்டையும் திறந்து வைத்துச் சில நாள் காய விட்டு, பிறகு ஒன்றிரண்டு கிலோ சிராயில் தொடங்கி, ஒரு வாரம் பத்து நாளில் முழு அளவுக்கு வாருங்கள். தயாரிப்பாளரோ கொத்தனாரோ தரும் அட்டவணையைக் கடைப்பிடியுங்கள்.

டிசம்பரில் ஒரு மாதம் ஊருக்குப் போவோம். அப்போது என்ன செய்வது?

கணப்பு தானாக எரியாது. குழாய்த் தண்ணீர் உறையாமலிருக்க மின்சூடு 14, 15 டிகிரியிலாவது ஓடட்டும். திரும்பி வரும்போது கல் குளிர்ந்து கிடக்கும், புகைபோக்கியில் குளிர்காற்று கனமாக அடைத்துக்கொண்டிருக்கும். உடனே ஒன்பது கிலோவை அடுக்காதீர்கள். சாம்பற்கதவு வழியாக ஒரு செய்தித்தாளைக் கசக்கிக் கொளுத்தி, புகை மேலே ஏறுகிறதா என்று பாருங்கள். ஏறினால் அன்று இரண்டு மூன்று கிலோ, மறுநாள் அதைவிடக் கொஞ்சம் கூடுதல். மூன்றாம் நாள் வழக்கமான அளவுக்கு வந்துவிடலாம்.